முனியாண்டியின் முதுகுப் பக்கம்

ஒரு விளக்குமாற்றை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பூசாரி வேலு. இன்னொரு பக்கம் என் மனைவி கமலா. நடுவில் முனியாண்டி, கையில் அரிவாளும் முகத்தில் முறுக்கு மீசையுமாக, பார்த்தும் பார்க்காதவர்போல நின்றுகொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். மலாய் நாட்டில் கோத்தா திங்கிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரைத் தோட்டம் என்று நாங்கள் கூப்பிடும், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தின் கோயில். மறுநாள் திருவிழா. ஒலிபெருக்கிக்காரர் "ஹலோ, ஹலோ" சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். பொங்கல் அடுப்புக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"தங்கச்சி, விடு சொல்றேன். நாளைக்கு திருவிழா லா. ஐயா வாசல்ல இவ்ளோ குப்பைய வெச்சிக்கிட்டு நான் எப்படிப் பூசை போடுறது?"

"குப்பை இல்லண்ணே. விதை. உசுரு இருக்கு அதுல."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். எப்ப விழுந்தாலும் கூட்டுவேன், கொளுத்துவேன்."

"அதான் சொல்றேன். இத்தனை காலமா கூட்டிக் கூட்டிக் கொளுத்திட்டீங்க. இந்த ஒரு தடவை விட்டுருங்க."

கமலா என் தோள் உயரம்தான் இருப்பாள். பூசாரி வேலு பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். இருந்தும் விளக்குமாறு அவர் பக்கம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

என் கதையைவிட நல்ல கதை

வாரா வாரம் வால்வு, பாய்லர், ஷிஃப்ட் பஸ் என்று என் தொழிற்சாலைப் புராணத்தையே படித்துச் சலித்துப்போன ஒரு வாசகி, "உங்கள் வீட்டம்மாவுக்குக் கதையே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது. என் கதையைவிட நல்ல கதை. அதனால்தான் இத்தனை வாரம் எழுதாமல் இழுத்தடித்தேன்.

கமலா அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அங்கே செம்பனை நாற்றுமேட்டில் வேலை பார்த்தவள். செம்பனைக் கன்று என்றால் அவள் கைபட்டது வாடாது. தோட்டம் வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்குக் கைமாறியதும் லயத்து ஜனங்கள் எல்லாரும் தாமான் எனும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஏற்கெனவே பாசிர் கூடாங் பக்கம் குடியிருந்தோம். வேலை போன பிறகு கமலா கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தாள். அந்தக் கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குத் துடைத்துத் தள்ளிவிட்டாள். எனக்குக் கால் வைக்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் கோத்தா திங்கிச் சாலையில் இருக்கும் ஒரு சின்ன நாற்றுப்பண்ணைக்கு ஆள் கேட்டார்கள். காட்டில் அருகிக்கொண்டே வரும் மரங்களை விதையிலிருந்து வளர்த்து, மறுபடியும் காட்டில் நடுவதற்குக் கொடுக்கிற பண்ணை. அதை நடத்துகிறவர் ரோஹானா என்ற மலாய்ப் பெண். தாவரவியல் படித்தவர். பேச்சு மென்மை, ஆனால் வேலையில் கறார். "காக் கமலா" என்றுதான் கூப்பிடுவார். காக் என்றால் மலாயில் அக்கா.

மண்ணெண்ணெய் வாசம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கமலா சேலைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள். "கண்ண மூடுங்க" என்றாள். மூடினேன். என் மூக்குக்குக் கீழே எதையோ கசக்கினாள்.

நான் துள்ளி எழுந்து நேராக அடுப்படிக்கு ஓடி கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினேன். ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் மூக்கு அப்படித்தான். எங்கே என்ன மணந்தாலும் முதலில் கசிவு என்றுதான் நினைக்கும். அந்த வாசத்தில் மண்ணெண்ணெய் இருந்தது, அதற்கு அடியில் ஏதோ கோயில் வாசமும் இருந்தது.

கமலா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். "இலைங்க. கப்பூர் மரத்து இலை. நம்ம முனியாண்டி மரம் இருக்குல்ல? அது இதுதான். இத்தனை வருசம் அதுக்குக் கீழயே கெடந்திருக்கேன், பேரு என்னன்னு யாரும் கேட்டதில்ல."

பச்சைக் கற்பூரம் என்று நாம் சொல்வது இந்த மரத்தின் தண்டுக்குள் உறைந்து கிடப்பதுதான். அதைத் தேடித்தான் நம் பக்கத்து வணிகர்கள் அந்தக் காலத்தில் கப்பலேறி இந்தத் திசைக்கு வந்தார்கள் என்று ரோஹானா அவளுக்குச் சொல்லியிருந்தார். நாங்களோ அதே மரத்தின் கீழே நின்றுகொண்டு, கடையில் வாங்கிய சூடத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கொளுத்தி, "சாமி, நல்ல வழி காட்டு" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். முனியாண்டிக்குச் சிரிப்பு வந்திருக்கும். மீசைக்குள் மறைத்துக்கொண்டிருப்பார்.

காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், யாரோ ஒருவர் அந்த மரத்தடியில் ஒரு கல்லை நட்டுச் சூலம் ஒன்றைச் செருகியிருக்கிறார். அதற்குப் பிறகு மரத்தைத் தொட துரைக்கும் தைரியம் இல்லை, கங்காணிக்கும் இல்லை. சுற்றிலும் இருந்த காடு போய் ரப்பர்ப் பால்மரம் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. கப்பூர் மட்டும் கோயிலுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டு வளர்ந்துகொண்டே போனது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

ஏன் ஒரு கன்றுகூட இல்லை?

அத்தனை பெரிய மரத்தைச் சுற்றி அதன் கன்று ஒன்றுகூடக் கிடையாது. ரோஹானா முதல் தடவை கோயிலுக்கு வந்தபோது செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைத்தான் கேட்டார்.

கமலாவுக்குப் பதில் உடனே தெரிந்துவிட்டது. நாங்கள்தான் காரணம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் வாசலைக் கூட்டுவோம். கூட்டி ஒரு மூலையில் குவித்துக் கொளுத்துவோம். அது போதாதென்று, மழைக்காலத்தில் சேறாகிறது என்று கோயில் கமிட்டி காசு வசூலித்து வாசல் முழுக்க சிமெண்டு போட்டது. சாமி நிற்கிற இடத்துக்குப் பளபளவென்று ஓடு பதித்தது. பின்சுவர் இருட்டில் தப்பி முளைத்தவை வெளிச்சமில்லாமல் வாடிப்போகும். கூரையில் விழுந்த விதைகூட தகரத்தில் உருண்டு முன்பக்கம்தான் வந்து விழும். பக்தியோடு கூட்டித் தள்ளினோம்.

அதற்குள் கம்பெனி கோயிலுக்கு வேறு இடம் ஒதுக்கிவிட்டிருந்தது. நெடுஞ்சாலை ஓரமாக ஒரு துண்டு நிலம். கோயில் அங்கே போனதும் இந்த மரத்தை வெட்டப்போவதாகச் சொன்னார்கள். கமிட்டியும் பேசிப் பார்த்தது, ரோஹானாவும் பேசிப் பார்த்தார். மரம் வீட்டு வரிசைக்கு நடுவில் நிற்கிறது என்ற ஒரே பதில்தான் வந்தது.

அந்த வருடம் பார்த்து, பல வருடங்களுக்குப் பிறகு, மரம் பூத்தது. கமலா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"மரத்தக் காப்பாத்த என்னால முடியாதுங்க" என்றாள் வீட்டுக்கு வந்து. "அதோட புள்ளைங்கள்ல சிலதையாச்சும் காப்பாத்தியே ஆகணும். விட்டா இதோட வம்சமே போச்சு."

தனியாக நிற்கும் மரத்தின் விதை பலவீனமாகத்தான் இருக்கும், ரொம்ப ஆசை வைக்காதீர்கள் என்று ரோஹானா எச்சரித்திருந்தார். கமலா ஆசை வைத்துவிட்டாள். அவளுக்குப் பாதி ஆசை வைக்கத் தெரியாது.

நடைபாவாடை

சரி, விளக்குமாற்றுக்கு வருகிறேன்.

இழுபறி எவ்வளவு நேரம் நடந்ததோ தெரியவில்லை. மேலிருந்து இன்னொரு விதை சுழன்று சுழன்று வந்து, சரியாகப் பூசாரியின் தோளில் உட்கார்ந்தது. ஐந்து இறக்கை வைத்த விதை. பார்த்தால் பேட்மிண்டன் ஆடுகிற இறகுப்பந்து மாதிரியே இருக்கும். அவர் அதைத் தட்டிவிடக் கையை எடுத்த நேரத்தில் கமலா விளக்குமாற்றைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு செய்யலாம். சாமி ஊர்வலம் வர்றப்ப தரையில துணி விரிப்போமா இல்லையா?"

"நடைபாவாடை. அதுக்கென்ன இப்ப?"

"நாளைக்கு வாசல் முழுக்க விரிச்சிருவோம். குப்பையும் கண்ணுல படாது, சாமிக்கும் மரியாதை. துணி மேல விழுறது எனக்கு."

பூசாரி மீசையைத் தடவினார். முனியாண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "துணி யாரு தர்றது?" என்றார். அது சம்மதம் என்று எல்லாருக்கும் புரிந்தது.

பொங்கல் அடுப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த பெண்கள்தான் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஒவ்வொருத்தியும் பழைய சேலையோடு வந்து இறங்கினாள். பூனம், சுங்குடி, யாருடைய சீமந்தத்துக்கோ எடுத்த ரோஸ் கலர் ஜரிகை. வாசல் முழுக்கச் சேலை. திருவிழாக்காரர்கள் செருப்பில்லாத காலோடு ஓரமாக நடந்தார்கள். உறுமி அடிக்க அடிக்க, மேலே காற்று வீச வீச, விதைகள் சுழன்றுகொண்டு சேலைகளின்மேல் இறங்கின. இப்படி ஒரு திருவிழாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஜன்னலைத் திறந்த கார்

இந்த விதைகளுக்கு ஒரு பொல்லாத குணம். நெல் மாதிரி, அவரை மாதிரி எடுத்து வைத்து அப்புறம் விதைக்கலாம் என்ற பேச்சே இல்லை. காய்ந்தால் செத்துப்போகும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் செத்துப்போகும். விழுந்த சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டும்.

அன்று சாயங்காலமே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பொறுக்கினார்கள். வண்டு துளைத்தவைதான் பெரும்பாலும். மிச்சத்தை வாளித் தண்ணீரில் போட்டதில் பாதி மிதந்தது. மிதந்தால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். கமலா முகம் வாடவில்லை. மூழ்கியவற்றை ஈரச் சாக்கில் சுற்றினாள். கோயில் பின்சுவரின் ஓரத்துச் சந்தில் சில விதைகள் ஏற்கெனவே முளைவிட்டுக் கிடந்தன. கையை நீட்டி அவற்றையும் மண்ணோடு எடுத்து வைத்துக்கொண்டாள்.

காரில் ஏர்கோன் போடக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். அனல்காற்று, புழுதி, முன்னால் போன லோரியின் புகை எல்லாம் என் முகத்தில். பின்சீட்டில் கமலா சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அடிக்கடி தண்ணீர் தெளித்தாள். எங்கள் பெண் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோதுகூட நான் இவ்வளவு மெதுவாக ஓட்டவில்லை. அதையும் அவள் அப்போதே சொல்லிக்காட்டினாள்.

செம்பனைக்காரி

விதைகள் முளைத்தன. முதலில் சிவப்பாக ஒரு வேர், அப்புறம் தலையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பருப்பிலை. நிழல்வலைக் கொட்டகைக்குள் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் அவை நிற்பதைப் பார்க்க அத்தனை அழகு. கமலா ஞாயிற்றுக்கிழமையும் பண்ணைக்குப் போனாள். நான் கேட்டால், "சும்மா எட்டிப் பார்த்துட்டு வர்றேன்" என்பாள். எட்டிப் பார்க்க ஒரு முழு நாள் ஆகும்.

அந்தச் சமயத்தில் ரோஹானா பேறுகால விடுப்பில் இருந்தார். பண்ணை கமலாவின் பொறுப்பில்.

ஒருநாள் கோயில் மண்ணோடு எடுத்துவந்த கன்றுகளின் பைகளில், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருப்பதை அவள் பார்த்தாள். பூஞ்சை. செம்பனை நாற்றுமேட்டில் வேலை பார்த்தவர்களுக்குப் பூஞ்சை என்றால் அதற்கு ஒரே வைத்தியம்தான். அங்கே வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் மருந்துத் தெளிப்பானைக் கையில் கொடுத்துவிடுவார். எத்தனையோ வருடம் அப்படியே செய்து பழகிய கை. கமலா மருந்தைக் கலக்கி எல்லாப் பைகளிலும் ஊற்றினாள். பக்கத்துப் பைக்குப் பரவிவிடக் கூடாது என்று பத்திரமாக, ஒன்று விடாமல் ஊற்றினாள். நம்மவர்களின் சுத்தம் மறுபடியும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

அதற்குப் பிறகு கன்றுகள் வளரவில்லை. விரல் உயரத்தில் அப்படியே நின்றன. இலை மஞ்சளடித்தது. ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. உரம் வைத்தாள், நிழலைக் கூட்டினாள், குறைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கமலாவை அழைத்துவர நான் போயிருந்த ஒருநாள் ரோஹானா கைக்குழந்தையோடு பார்க்க வந்தார். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டு ஒரு கன்றின் வேரைப் பார்த்தார்.

"காக், என்ன மருந்து போட்டீங்க?"

கமலா சொன்னாள்.

ரோஹானா கோபப்படவில்லை. அந்த வெள்ளை நூல்தான் இந்தக் கன்றுகளுக்குச் சோறு ஊட்டுகிற கை என்று பொறுமையாக விளக்கினார். வேரால் எட்ட முடியாத இடத்திலிருந்து அது தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது இல்லாமல் கப்பூர் பிழைக்காது. "மருந்தோட வீரியம் இந்நேரம் போயிருக்கும். இப்ப அதுங்களுக்கு அந்த நூல் ஓடுற தாய்மரத்து மண்ணு வேணும். வேற கப்பூர் காட்டு மண்ணும் ஆகும், ஆனா அனுமதி வாங்கிக் கொண்டு வர்றதுக்குள்ள இதுங்க போயிடும்."

"அலமாக், நான்தான் கெடுத்தேன்" என்றாள் கமலா. "நானே சரி பண்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தவறு செய்தால் நான் நாலு பேர்மேல் பழியைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவேன். இவளால் எப்படி இப்படி நேராக நிற்க முடிகிறது என்று அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அவர் இல்லாத நேரம் எது?

தாயின் மண் எங்கே இருக்கிறது? முன்பக்கம் சிமெண்டு. ஓரமெல்லாம் சாம்பல். மிச்சம் ஒரே இடம்தான். முனியாண்டியின் பின்சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இருட்டான சந்து. இலை விழுந்து, மக்கி, மேலே மேலே படிந்து, மண் அங்கே பஞ்சு மாதிரி இருந்தது. ஓரத்தில் கை நீட்டியபோதே கமலா பார்த்திருந்தாள்.

ஆனால் அங்கே யாரும் கால் வைக்க மாட்டார்கள். முனியாண்டியின் முதுகுப் பக்கம் போகக் கூடாது என்பது அந்தக் கோயிலில் வழிவழியாக வந்த கட்டு. பூசாரியே போனதில்லை.

கமலா போய்க் கேட்டாள். பூசாரி வேலு காதைப் பொத்திக்கொண்டார். "தங்கச்சி, சேலை கேட்ட, விரிச்சேன். விளக்குமாத்தப் புடுங்குன, விட்டேன். இது மட்டும் முடியாது. அவரு கோவக்காரரு."

யாரும் இல்லாத நேரம் பார்த்து நாமே போய் அள்ளிக்கொண்டு வந்துவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். கமலா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவரு இல்லாத நேரம் எதுங்க?"

பண்ணையில் கன்றுகள் ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வந்தன. கோயிலை மாற்றும் நாளும் குறித்தாகிவிட்டது.

ஒரே ஒரு பிடி

கோயில் மாற்றும் அன்று காலை எல்லாரும் கூடினோம். சாமியைப் புது இடத்துக்குக் கொண்டுபோவதற்குப் பழைய இடத்து மண் வேண்டும். பிடிமண். ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தால்தான் சாமி கூட வருவார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த நம் ஜனங்கள் பலரும் ஊர்ச் சாமியை இப்படித்தான் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள்.

பூசாரி வேலு குளித்து, ஈர வேட்டியோடு, மஞ்சள் தடவிய செம்பை ஏந்திக்கொண்டு சாமி முன்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

எங்கே பார்த்தாலும் ஓடு.

கமிட்டிக்காரர் ஒருவர் சுத்தியல் கொண்டுவந்தார். ஓட்டைப் பெயர்த்தால் சிமெண்டு. சிமெண்டை உடைத்தால் அதற்கடியில் வெள்ளை மணல். நான்கூட வசூலுக்குக் காசு கொடுத்திருந்தேன். லோரியில் வந்து கொட்டிய மணல்.

"லோரி மணலையா ஐயாவுக்குக் கொண்டு போறது?" என்றார் பூசாரி. அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்க எங்களுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

கமலா மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, பின்னாடி இருக்கு. அவரோட மண்ணு. யாரும் தொடாதது."

பூசாரி அவளைப் பார்த்தார். பிறகு சூடம் ஏற்றி, முனியாண்டியின் மாலையைப் பார்த்தபடி, பூ கேட்டார். சாமி சம்மதம் என்றால் மாலையிலிருந்து ஒரு பூ விழ வேண்டும். காத்திருந்தோம். விழவில்லை. இன்னொரு சூடம் ஏற்றினார். பூ அசையக்கூட இல்லை. மூன்றாவது சூடமும் எரிந்து முடிந்தது.

"சரி" என்றார் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வேணாம்னும் அவரு சொல்லலையே."

பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி அந்தச் சந்துக்குள் நுழைந்தார். தொந்தி இரண்டு பக்கமும் உரசியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி! மண்ணுல வெள்ளையா நூலு நூலா ஓடுது. இதான் நீ கேட்டதா?"

"அதான்ணே! அதேதான்!"

அள்ளிய முதல் பிடியைச் செம்பில் போட்டார். கமலா சந்தின் வாயில் சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு கமிட்டிக்காரர், "பிடிமண்ணுன்னா ஒரு பிடிதான் பூசாரி, அதுக்கு மேல எடுக்கக் கூடாது" என்றார். முறை அதுதான், அவர் சொன்னதில் தப்பில்லை.

பூசாரி உள்ளேயிருந்தே கேட்டார்.

"தங்கச்சி, புள்ளைங்க எத்தனை உசுரோட இருக்கு?"

கமலா சொன்னாள். விதைத்ததில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துக்குப் போயிக் குடியேறப் போவுதுல்ல? அப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடி. முறைதான் அது. யாரும் பேசாதீங்க."

ஒவ்வொரு பிடிக்கும் "முனியாண்டி துணை" என்று சொல்லிச் சொல்லி அள்ளிக் கொடுத்தார். கமலாவின் தலைப்பு நிறைந்தது. அவள் கண்ணும் நிறைந்தது. எனக்கும்தான், எழுதுவதில் என்ன வெட்கம்.

பின்னாடி வை

மரம் வெட்டிய அன்று நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. கமலா பண்ணையில் இருந்தாள். நான் வீட்டில் டீ போட்டு, குடிக்காமல் ஆறவிட்டேன்.

தாயின் மண்ணை வைத்தும் கன்றுகள் உடனே தலைதூக்கிவிடவில்லை. சில பிழைக்கவில்லை. பிழைத்தவை ரொம்ப நாள் யோசித்துவிட்டு ஒருநாள் ஒரு தளிர் விட்டன. அப்புறம் இன்னொன்று. கமலா பண்ணையிலிருந்தே எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "விட்டுருச்சுங்க, விட்டுருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெரும்பாலானவை இப்போது ஒரு காப்புக்காட்டில் மற்ற கப்பூர்களோடு நிற்கின்றன. தனியாக நிற்க வேண்டாம் என்று ரோஹானா பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம்.

ஒன்றைப் புதுக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனோம். நெடுஞ்சாலை ஓரம், பொட்டல் வெளி, தகரக் கூரை. கமலா வாசலில் நடலாம் என்று இடம் பார்த்து வைத்திருந்தாள். பின்னாளில் கும்பிட வருகிறவர்களுக்கு நிழலாகும்.

பூசாரி வேலு தலையை ஆட்டினார். "முன்னாடி வெச்சா, ரெண்டு வருசத்துல கமிட்டிக்காரனுங்க சிமெண்டு போட்டுருவானுங்க. நானே கூட்டித் தொலைச்சிருவேன், கைப்பழக்கம். பின்னாடி வை. ஐயா முதுகுப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான்."

"அப்ப தண்ணி யாருண்ணே ஊத்துறது?"

"நீதான். மண்ணுல கை வெச்ச உன்ன அவரு ஒண்ணும் சொல்லலையே."

"உள்ளயே போயிட்டு வந்தது நீங்கதானே."

"அது ஒரு தடவை. அவசரம். அதோட போதும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கமலா தண்ணீர் வாளியோடு முனியாண்டிக்குப் பின்னால் போவாள். வெயில் சுடாமல் இருக்கக் கன்றைச் சுற்றிச் செம்பனை மட்டை செருகிவைப்பாள். பூசாரி முன்னால் நின்றுகொண்டு பூசைக்கு நடுவில் குரல் கொடுப்பார்.

"தங்கச்சி, எவ்ளோ வளந்திருக்கு?"

வெளியே வந்து கமலா கையால் காட்டுவாள். முழங்கால் அளவு. அப்புறம் தொடை அளவு. அப்புறம் இடுப்பு. அவர் நம்பியும் நம்பாமலும் தலையாட்டிக்கொண்டு மணியை எடுப்பார். கட்டு கட்டுதான். ஒரு தடவைகூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. கமலா எனக்கு மட்டும் உதிர்ந்த இலை ஒன்றைக் கொண்டுவந்து கசக்கிக் கொடுப்பாள். மண்ணெண்ணெயும் கோயிலும் சேர்ந்த அந்த வாசத்துக்கு இப்போதெல்லாம் நான் ஓடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமையும் பூசாரி கேட்டார். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, எவ்ளோ வளந்திருக்கு?"

கமலா வாளியோடு வெளியே வந்தாள். கையால் ஒன்றும் காட்டவில்லை.

"நீங்களே பாருங்கண்ணே" என்றாள்.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். முனியாண்டியின் தலைக்கு மேலே, பின்சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், இரண்டு இளந்தளிர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கையிலிருந்த தட்டில் சூடம் எரிந்து அணைந்துபோனது அவருக்குத் தெரியவே இல்லை.